பாப்பாவுக்கு ஒரு பெரிய எழுத்து

மனு எழுதுவது சுலபமான வேலை. யாருக்கு எழுதினோமோ அவர் அதைப் படித்துவிட்டால்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

நான் ஜவ்வாது மலையில் மனு எழுதுகிறவன். போராட்டம் இருக்கிற நாளில் கோஷம் போடுவேன், இல்லாத நாளில் மனு போடுவேன். கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கையில் திணிக்கப்பட்ட துண்டறிக்கைகளைப் படித்தே வளர்ந்தவன். அதனால் எனக்கு எதையும் வரிசை போட்டுத்தான் சொல்ல வரும். எங்களுக்கு நடந்ததையும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, நாங்கள் சாமை விதைத்துக்கொண்டிருந்த கொல்லைகளைச் சுற்றிக் கல் நட்டு, கல்லுக்கு உள்ளே இருப்பதெல்லாம் காடு என்றார்கள். இரண்டாவது, அந்தக் காட்டுக்குள் எங்களைப் பார்த்துவிட்டு ஆக்கிரமிப்பாளர்கள் என்றார்கள். மூன்றாவது, சட்டம் மாறிவிட்டது, உழுதவருக்கு உரிமை உண்டு, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தோம். நான்காவது, பதிலை இங்கிலீஷில் அனுப்பினார்கள். ஐந்தாவது, புரியவில்லையே என்று கேட்கப் போனபோது, படிக்காதவர்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்றார்கள்.

முதல் நான்கையும் எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தேன். ஐந்தாவதை எதிர்த்துப் போளூரில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போய், அட்டை கிழிந்த இங்கிலீஷ் இலக்கண கைடு ஒன்றை வாங்கினேன். முதல் பாடம் நவுன், அதாவது பெயர்ச்சொல். இன்றுவரை நான் இரண்டாம் பாடத்துக்குப் போகவில்லை. என்னைப் போல அலுவலகக் கதவோரம் கால் கடுக்க நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே நடக்கும் சண்டை முழுவதும் நம்மை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான். வினைச்சொல்லுக்கு அவர்கள் இன்னும் வரவே இல்லை.

எந்த மாவட்டம்?

ஊர், ஆறு, ஆள் என்று பொதுவாகச் சொன்னால் காமன் நவுன். ஒன்றை மட்டும் குறித்துச் சொன்னால் பிராப்பர் நவுன். கைடில் இது பத்து வரியில் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு முடியவில்லை. எங்கள் சாதிச் சான்றிதழில் மலையாளி என்று இருக்கும். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். ஆளுகிற லட்சணத்தைத்தான் மேலே வரிசையில் படித்தீர்கள்.

நாங்கள் மனுக் கொடுக்கும் அலுவலகத்துக்கு வடக்கேயிருந்து ஓர் இளம் அதிகாரி புதிதாக வந்திருந்தார். தமிழ் தடவித் தடவிப் பேசுவார், நல்ல மனிதர். சான்றிதழைப் பார்த்துவிட்டு முகம் மலர, "நீங்க கேரளாவுல எந்த மாவட்டம்?" என்று கேட்டார். அந்த அலுவலகத்தில் தலைமை எழுத்தராக ஒரு பேபி மேடம் உண்டு. ஓய்வு பெறும் வயது. எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "சாயந்தரம் வாங்க" என்பார். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் சாயந்தரத்துக்கு முன்பே போய்விடும். அன்று அவரும் கண்ணாடியைக் கழற்றினாரே தவிர, அதிகாரிக்கு எடுத்துச் சொல்லவில்லை.

நானே ஆரம்பித்தேன். "சார், மலைங்கிறது காமன் நவுன். அதுலேருந்து வந்த பிராப்பர் நவுன் இது..." அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆட்டலில் இன்னமும் தென்னை மரங்கள் தெரிந்தன. என் கூட்டாளி ஏழுமலை பக்கத்தில் நின்றான். பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். போராட்டத்துக்கு ஆளும் மைக்செட்டும் ஏறிவருவது அவன் வண்டியில்தான். என் இலக்கணத்தை அவன் பாதியில் வெட்டினான்.

"கேரளாவா? நாங்க திருப்பத்தூருக்குப் போனதே ஆஸ்பத்திரிக்கித்தான் சார்."

நின்றால் மரம்

பாப்பா அக்காவை இங்கே சொல்லியாக வேண்டும். புருஷன் போன பிறகு தனியாகக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். கொல்லை ஓரத்தில் இரண்டு புளியமரம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஊரில் அவருக்குப் பேர் பாப்பாதான். கடைசியாகப் பிறந்த பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்து, அதற்கு மேல் ஒரு பெயர் யோசிக்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. எங்கள் மலையில் வீதிக்கொரு பாப்பா இப்படி உண்டு.

ஒரு பெருங்காற்றில் அவருடைய புளியமரம் ஒன்று சாய்ந்தது. கிளையை வெட்டி விறகுக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். வனக்காவலர் வந்தார், அரிவாளை வாங்கிக்கொண்டார், வழக்கு எழுதினார். நான் போய்ச் சேர்ந்தபோது மரத்தை லாரியில் ஏற்ற ஆள் வந்துவிட்டது. கைடைப் படித்த திமிரில் கேட்டேன்: "மரம்னா காமன் நவுன், கட்டைன்னா மெட்டீரியல் நவுன். இதுல எதை சார் வெட்டுனாங்க அக்கா?"

காவலருக்குக் கேள்வி புரியாவிட்டாலும் பதில் தெரிந்திருந்தது. "நிக்கிற வரைக்கும் அது மரம்யா. சாஞ்சிட்டா டிம்பரு. டிம்பரு சர்க்காருது."

பாப்பா அக்கா விறகுக் குவியல்மேல் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"அப்போ நான் ராவுல படுத்தா, என்னையும் தூக்கினு பூடுவியா?"

கும்பல்

மரம் போன மறுநாள் மலைப்பாதைத் திருப்பத்தில் உட்கார்ந்தோம். கோஷம் நான் எழுதியது, நன்றாகத்தான் இருந்தது. போலீஸ் எழுதியது அதைவிட நன்றாக இருந்தது. வழக்கில் எங்களுக்கு இங்கிலீஷில் கொடுத்த பெயரைக் கைடில் தேடினேன். கலெக்டிவ் நவுன் பகுதியில், திருடர்களுக்கு ஒரு சொல் தள்ளி, கும்பல் என்ற பொருளில் இருந்தது.

அந்தப் பக்கத்தை நான் இன்றும் எடுத்துப் பார்ப்பதுண்டு. ஆட்டுக்கு ஒரு கூட்டுப்பெயர், மாட்டுக்கு வேறு, தேனீக்கு வேறு. எல்லாம் மரியாதையான பெயர்கள். மீன் கூட்டத்துக்கு ஸ்கூல் என்று பெயராம். எங்கள் குக்கிராமத்துக்கு ஒரு ஸ்கூல் கேட்டு நான் போட்ட மனு எந்தக் குளத்தில் நீந்திக்கொண்டிருக்கிறதோ. உழுகிற மனிதர்கள் தங்கள் மரத்தைக் கேட்டு ஓரிடத்தில் உட்கார்ந்தால் அதற்கு என்ன பெயர் என்று மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும்போது, பாதுகாப்புக்கு வந்திருந்த காவலர் ஒருவர் எனக்கு டீயை நீட்டிவிட்டு, நிஜமான அக்கறையோடு சொன்னார்.

"அண்ணே, கும்பலா வந்தா கேஸு, வரிசையா வந்தா மனு. வரிசையா வந்துட்டுப் போங்களேன்."

தொட முடியாதது

சரி என்று வரிசையாகவே போனோம். பாப்பா அக்காவின் கொல்லைக்கு உரிமை கேட்டு நான் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு, ஏழுமலையின் வண்டியில் மலை இறங்கினோம். மீதி இருக்கிற ஒரு மரமும் கொல்லையும் அவர் கையில் நிற்குமா என்பது அந்த மனுவில் இருந்தது. உரிமை கிடைக்காவிட்டால் அடுத்த உழவுக்குக் கலப்பையோடு உள்ளே போவதே குற்றம்.

வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா, மனதை வேறு பக்கம் திருப்பத்தான் கேட்டிருப்பார். "அந்தப் பொஸ்தகத்துல இன்னா கீது தம்பி?" எனக்குத் தலை நரைத்து வெகுநாள் ஆகிறது, அவருக்கு நான் தம்பிதான். அப்ஸ்ட்ராக்ட் நவுனை விளக்கினேன். "சில பேர்ச்சொல்லு இருக்குதுக்கா. கண்ணால பாக்க முடியாது, கையால தொட முடியாது. நேர்மை, வறுமை, உரிமை, அதெல்லாம்."

"வறுமைய தொட முடியாதா?" என்று ஏழுமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்தான். "எழுதனவன் நம்ம வூட்டுக்கு வந்ததில்ல, தலைவரே."

அக்கா சிரிக்கவில்லை. அடுத்த வளைவில் என் பக்கம் திரும்பினார்.

"உரிமைய கையால தொட முடியாதுன்னா, அத்த எப்டிப்பா அவங்க புடுங்குனாங்க?"

குழந்தையின் கொல்லை

பதில் வந்தது, இங்கிலீஷில். டீக்கடையில் நின்று கைடையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உரிமை கோருபவர் ஒரு குழந்தை என்று எழுதியிருந்தது. குழந்தையின் நிலத்துக்குக் கிழக்கே கடவுள், மேற்கே வெள்ளை நிறம். குழந்தை நீண்ட காலமாக உழுது வருவதாகச் சொல்வது நம்பத்தக்கதாக இல்லை, மேலும் குழந்தை தானாக மனுச் செய்ய முடியாது, ஆகவே தள்ளுபடி.

கிழக்கே இருப்பவர் சாமி, மேற்கே வெள்ளையன். இருவரும் அந்த நேரம் அதே டீக்கடையில்தான் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். நடந்தது என்னவென்று எனக்குப் பிடிபட்டது. அலுவலகத்தில் யாரோ என் தமிழ் மனுவை செல்போனில் மொழிபெயர்ப்புக்குப் போட்டிருக்கிறார்கள். இங்கிலீஷில் ஒருவருடைய பெயர் என்றால் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுவார்கள். சின்ன எழுத்தில் போட்டால் அது பெயரில்லை, வெறும் பொருள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆளும் பொருளும் கடவுளும் ஒரே உயரம். செல்போனுக்கு அது தெரியவில்லை. செல்போன் சொன்னதை எடுத்து எழுதியவருக்கும், கீழே கையெழுத்துப் போட்ட பெரிய அதிகாரிக்கும் தெரிந்துகொள்ள அவசியம் இல்லை. பாப்பா என்கிற பிராப்பர் நவுன் பாப்பா என்கிற காமன் நவுனாக இறங்கிவிட்டது, கூடவே கொல்லையும்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கொழந்தைக்கு நெலம் குடுக்க மாட்டாங்களா? சரி, பால் பவுடராவது குடுத்து அனுப்பிச்சாங்களா, பாரு."

அம்மாவைக் கூட்டி வரணுமா?

ஏழுமலையையும் சேர்த்து மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனோம். அதே இளம் அதிகாரி. அக்காவை மேலும் கீழும் பார்த்தார். வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மேலே கையெழுத்தான உத்தரவை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. ஒரு யோசனை சொன்னார். பெயரைப் பாப்பாத்தி அம்மாள் என்றோ வேறு எதுவாகவோ மாற்றிக்கொண்டு புது மனு போட்டால் சிக்கலே இருக்காது.

கேட்பதற்கு நல்ல யோசனை. இந்த மாதிரி நல்ல யோசனையில்தான் நாம் எப்போதும் முழுகிப்போகிறோம். ரேஷன் கார்டிலிருந்து ஓட்டு வரை எல்லாம் பாப்பா. இத்தனை காலம் உழுதவள் பாப்பா என்றால்தான் உரிமை. நேற்று முளைத்த பாப்பாத்தி அம்மாள் எந்தக் கொல்லையை உழுதாள் என்று அடுத்த அதிகாரி கேட்பார். நான் சொல்வதற்குள் அக்காவே கேட்டுவிட்டார்: "பேர மாத்திக்கினா, ஒழுதவ யாரு சார்? அவ செத்துட்டாளா?"

அதன் பிறகு நான் பேசினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பிராப்பர், காமன், எல்லாவற்றையும் கைடைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் மேடையில்கூடப் பேசியதில்லை. அதிகாரி மணியைப் பார்த்தார். கிராமர் கிளாஸை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்றார். நான் கைடை மூடினேன். துண்டறிக்கை படித்தவனின் படிப்பு படிப்பில்லை என்பதை எவ்வளவு மென்மையாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அப்போது ஏழுமலை, மைக் பிடித்தே பழகிய குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டான். "சார், அந்த மேடம் பேரு பேபிதான? அவங்கள எந்தப் பால்வாடிலேந்து தூக்கினு வந்தீங்க?"

தட்டச்சு நின்றது. காரியம் கெட்டது என்று நினைத்தேன். பேபி மேடம் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சாயந்தரம் வாங்க என்று சொல்லப் போகிறார் என்று நாங்கள் கிளம்பவே தயாராகிவிட்டோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்தார்.

"சார், நாளைக்கு என் பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட எங்க அம்மாவக் கூட்டிட்டு வரணுமா?"

பெரிய எழுத்து

இலக்கணத்துக்கு இறங்காத அதிகாரி பென்ஷனுக்கு இறங்கினார். மறுபரிசீலனைக்கு மேலே எழுதி அனுமதி வாங்கினார். ஒரு நிபந்தனை. திருத்திய உத்தரவைக் கிராம சபையில் சாட்சிகள் முன் படிக்க வேண்டும்; பாப்பா என்பவர் இவர்தான் என்று ஊர் சொல்ல வேண்டும்; யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அங்கேயே கையெழுத்து. யாராவது ஒருவர் இல்லை என்றால் மறுபடி முதலிலிருந்து.

பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் ஊர் கூடியது. கிழக்கே கடவுளும் மேற்கே வெள்ளை நிறமும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜீப்பில் அதிகாரியோடு பேபி மேடமும் வந்திருந்தார். உத்தரவை அவரே தட்டச்சு செய்திருந்தார். பெயர் முழுவதையும் பெரிய எழுத்திலேயே அடித்திருந்தார். நான் அக்காவுக்கு அதைக் காட்டினேன். "முதல் எழுத்து மட்டும் பெரிசா இருந்தா போதும்கா. மேடம் எல்லா எழுத்தையும் பெரிசாப் போட்டிருக்காங்க." அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

சாட்சி கேட்டார்கள். சாமி ஆமாம் என்றார், வெள்ளையன் ஆமாம் என்றார். கூட்டத்தின் ஓரத்தில் வனக்காவலர் நின்றிருந்தார். உங்களுக்கு இவரைத் தெரியுமா, ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி கேட்டார். ஊர் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. மரத்தை ஏற்றிக்கொண்டு போனவர் அவர். ஒரு சொல் போதும். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "தெரியும் சார். பாப்பான்னு பேர் போட்டு இவங்க மேல கேஸ் எழுதனதே நான்தான். கொழந்த மேல கேஸ் எழுத முடியாதுங்களே."

எங்களுக்குச் செய்த அநியாயம் ஒன்று எங்களுக்குச் சாட்சி சொன்னது அன்றுதான் முதல் தடவை.

பஞ்சாயத்துச் செயலர் படிக்க ஆரம்பித்தார். எல்லாச் செயலர்களையும் போல, வாய்க்குள்ளேயே படித்தார். பெயர் வந்த இடத்தில் யாரோ ஒருத்தி மடியில் கிடந்த கைக்குழந்தை ஊங் என்றது, பாப்பா என்று பேருள்ள இரண்டு மூன்று பெண்கள் ஆங் என்று திரும்பினார்கள், பின்னாலிருந்து, "எந்தப் பாப்பா?" என்று சத்தம் வந்தது. சிரிப்பு எழுந்தது. அதிகாரியின் பேனா மூடி திறந்தபடியே நின்றது. பாப்பா அக்கா எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு, செயலரைப் பார்த்துச் சொன்னார்.

"சார், மேடம் பெரிய எழுத்துல அடிச்சிக்கீறாங்க. நீங்க சின்ன எழுத்துல படிக்கிறீங்க."

வளர்ந்த ஒரு பெண் குழந்தை இல்லை என்று தீர்மானிக்க ஓர் இலக்கண கைடும், ஒரு புளியமரமும், ஒரு பேபி மேடமும், ஒரு முழு கிராம சபையும் தேவைப்படுகிற நாட்டில் இருக்கிறோம் என்பதைத் தவிர வேறெதையும் எனக்குக் கற்றுத்தராத இந்தத் தொழிலில், சாட்சிகள் எல்லோரும் எழுந்து நிற்க, செயலர் தொண்டையைச் செருமிக்கொண்டு மலை அதிரும்படி படித்தது இதுதான்: "பாப்பா!"